ஓசோனை யாரும் வெளியிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த காற்று மாசு பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் மாசுகளின் வரிசையில் நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகியவற்றோடு ஓசோனும் சேர்க்கப்பட்டிருந்தது. காலை வேளையில் காற்று கலங்கலாக இருப்பதால் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் நடைப்பயிற்சியைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது என்ற ஆலோசனையும் அதன் இறுதியில் இருந்தது. முதலாவது வெறும் சொற்பிழை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது அந்தப் பிழையிலிருந்து பிறந்தது. வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில் அந்த ஆலோசனையை நம்பி நடக்கப் போகும் ஆஸ்துமா நோயாளி, அந்த நாளிலேயே ஓசோன் மிகுந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போய்ச் சுவாசிக்கிறார். முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், வேதிவினைகளைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம். மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

வாகனத்தின் புகைக்குழாயிலிருந்து ஓசோன் வருவதில்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடியிலும் அது கிடையாது. இவை வெளிவிடுபவை ஓசோனுக்கான மூலப்பொருள்கள் மட்டுமே. அவை காற்றில் கலந்து, வெயில் பட்டு, தமக்குள் வினைபுரிந்த பிறகுதான் ஓசோன் பிறக்கிறது. அதனால்தான் இதை இரண்டாம் நிலை மாசு என்கிறோம். இந்த ஆலை இத்தனை டன் கந்தக டை ஆக்சைடை வெளியிட்டது என்று கணக்கெழுதலாம். இத்தனை டன் ஓசோனை வெளியிட்டது என்று எழுத முடியாது. ஓர் இடத்தில் ஓசோன் மிகுந்திருந்தால், அதற்குக் காரணமான வாயுக்கள் வேறோர் இடத்தில், சில மணி நேரத்துக்கு முன்னரோ முந்தைய நாளோ காற்றில் கலந்தவையாக இருக்கலாம்.

ஓசோன் என்றவுடன் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது நம்மைக் காக்கும் ஓசோன் படலம். பாடப்புத்தகமும் அதைத்தான் முதலில் சொல்லித்தருகிறது. வளிமண்டலத்திலுள்ள ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு அடுக்கு மண்டலத்தில், பெரும்பகுதி 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. அங்கே அது சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்துகிறது. எஞ்சிய பங்கு நாம் வாழும் அடிவளி மண்டலத்தில் இருக்கிறது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே மூலக்கூறுதான்: மூன்று ஆக்சிஜன் அணுக்கள், அவற்றில் ஒன்று எப்போது கழன்று இன்னொரு பொருளோடு சேரலாம் என்று காத்திருக்கும் நிலையில். 1839-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மின்பகுப்பு ஆய்வின்போது எழுந்த ஒருவகை நெடியைக் கவனித்த வேதியியலர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷான்பைன், மணப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஓசோன் என்று பெயரிட்டார். மின்பொறி பறக்கும் இடத்திலும், பழைய நகலெடுக்கும் இயந்திரங்கள் நெடுநேரம் ஓடிய அறையிலும் வரும் அந்தக் கூர்மையான வாசனையை அறியாதவர் குறைவு.

கீழே வேண்டாத ஓசோனை மேலே அனுப்பி ஓட்டையை அடைத்துவிடலாமே என்று ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவரோ மாணவியோ என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி அது. ஆனால் தரைக்கு அருகே பிறந்த ஓசோன் செடியிலும் மண்ணிலும் சுவரிலும் பட்டு அழிகிறது, மற்ற வாயுக்களோடு வினைபுரிந்தும் அழிகிறது. அடிவளி மண்டலத்தில் அதன் சராசரி ஆயுள் சில வாரங்கள்தான். அது மேலே போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும்.

இனி, அது பிறக்கும் விதம். அடுக்கு மண்டலத்தில் 242 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த அணு இன்னோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. அந்த அலைநீளக் கதிர்கள் தரைக்கு வந்து சேருவதே இல்லை. அப்படியானால் கீழே ஆக்சிஜன் அணு எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை நைட்ரஜன் டை ஆக்சைடு. எஞ்சினுக்குள்ளும் உலைக்குள்ளும் வெப்பம் மிகுதியாக இருப்பதால், எரிபொருளில் நைட்ரஜன் இல்லாவிட்டாலும், உள்ளிழுக்கப்பட்ட காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அது வெளியே வந்தபின் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. இந்தச் செம்பழுப்பு வாயுவின் பிணைப்பு அவ்வளவு வலுவானதன்று. சுமார் 420 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது தரையை எட்டும் புற ஊதாக் கதிரும் ஊதா நிற ஒளியின் ஓரமும், அதை உடைக்கப் போதும். நண்பகல் வெயிலில் ஒரு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறு சில நிமிடங்களுக்குள் உடைந்து, ஓர் ஆக்சிஜன் அணுவை உதிர்த்துவிட்டு மீண்டும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. உதிர்ந்த அணு அருகிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலை மோதி வாங்கிச் செல்ல இன்னொரு மூலக்கூறு, பெரும்பாலும் நைட்ரஜன், உடனிருக்க வேண்டும். அவ்வளவுதான், ஓசோன் பிறந்துவிட்டது.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது. ஏனென்றால் உடைபட்டு மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு, பிறந்த ஓசோனை உடனே பிடித்து அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, தான் மறுபடி நைட்ரஜன் டை ஆக்சைடாகிவிடும். ஓசோன் சாதாரண ஆக்சிஜனாகிவிடும். ஒளி உடைக்கும், வாயு ஒட்டும், மறுபடி ஒளி உடைக்கும். பகலெல்லாம் சுற்றினாலும் வரவும் செலவும் சமமாகி, ஓசோன் ஓர் எல்லைக்கு மேல் தேங்காது. நைட்ரஜன் ஆக்சைடுகள் மட்டும் இருக்கும் காற்றில் பெரும் ஓசோன் உயர்வு வராததற்குக் காரணம் இதுதான்.

கணக்கைக் குலைப்பது மூன்றாமவர். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று நாம் பாடத்தில் சொல்லும் பெரிய குடும்பம் அது. பெட்ரோல் நிரப்பும்போது வண்டியின் தொட்டி வாயருகே காற்று நெளிவதை வெயில் நேரத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த நெளிவு, கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன் ஆவி. வண்ணப்பூச்சு, தின்னர், பசை, அச்சுமை, துப்புரவுத் திரவம், வாசனைத் தெளிப்பான், பூச்சிக்கொல்லித் தெளிப்பான், அரைகுறையாக எரியும் விறகும் குப்பையும் என்று இவற்றின் பிறப்பிடங்கள் பல. வாகனங்கள் ஓரளவு சீர்செய்யப்பட்ட தொழில்வள நகரங்களில், இப்படிப்பட்ட அன்றாட வேதிப்பொருள்கள், நிலத்தடி எண்ணெயிலிருந்து வரும் கரிமச் சேர்ம வெளியேற்றத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டன என்று 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மரங்களும் இந்தக் குடும்பத்துக்குப் பங்களிக்கின்றன. ஓக், பாப்லர், யூகலிப்டஸ் போன்றவை வெப்பம் ஏற ஏற ஐசோப்ரீன் என்னும் சேர்மத்தை மிகுதியாக வெளிவிடுகின்றன. ஆனால் மரங்கள்மேல் பழி போடுவது தவறு. நைட்ரஜன் ஆக்சைடுகள் இல்லாத தூய காட்டில் ஐசோப்ரீனால் ஓசோன் பெருகுவதில்லை; நம் புகை அங்கே போய்ச் சேரும்போதுதான் பெருகுகிறது.

இந்தச் சேர்மங்கள் என்ன செய்கின்றன? காற்றில் ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற ஒன்று மிக மிகச் சிறிய அளவில் இருக்கிறது. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, எதிர்ப்பட்டதோடு உடனே வினைபுரியத் துடிக்கும் துணுக்கு அது. அதன் ஆயுள் ஒரு நொடிக்கும் குறைவு. எதிர்ப்பட்ட கரிமச் சேர்மத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறித்துக்கொண்டு அது நீராகிவிடுகிறது. ஹைட்ரஜனை இழந்த சேர்மம் உடனே காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பெராக்சி தனியுறுப்பாகிறது. இந்தப் பெராக்சி தனியுறுப்பு நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்தால், தன் ஆக்சிஜனில் ஒன்றைக் கொடுத்து அதை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. ஓசோனைச் செலவழித்துச் செய்யவேண்டிய வேலை, ஓசோன் செலவாகாமலே முடிந்துவிட்டது. அந்த நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் மறுபடி உடைக்கும், மறுபடி ஓசோன் பிறக்கும், ஆனால் இம்முறை அதைத் தின்ன வேண்டிய நைட்ரிக் ஆக்சைடு வேறு வழியில் தீர்ந்துகொண்டிருக்கும். மேலும், தொடர் வினையின் முடிவில் ஹைட்ராக்சில் தனியுறுப்பு மீண்டும் வெளிவந்து அடுத்த மூலக்கூறைத் தேடிச் செல்கிறது. போதாக்குறைக்கு, பிறந்த ஓசோனே புற ஊதாக் கதிரால் உடைந்து, நீராவியோடு வினைபுரிந்து, புதிய ஹைட்ராக்சில் தனியுறுப்புகளைத் தருகிறது. ஆக, ஓசோன் தன்னை உண்டாக்கும் வினைக்குத் தானே தூண்டுகோலாகவும் ஆகிறது. கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் இதே வழியில் வினைபுரிகின்றன. மீத்தேன் மெதுவாக, ஏறக்குறைய பத்தாண்டு காலம் காற்றில் இருந்து வினைபுரிவதால், அது ஒரு நகரத்தின் ஒருநாள் உச்சத்தைவிட உலகம் முழுவதற்குமான அடித்தள ஓசோன் அளவை உயர்த்துகிறது.

இவ்வளவும் எளிதில் தெரிந்துவிடவில்லை என்பதையும் வாசகர்கள் அறிவது நல்லது. 1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணெரிச்சலையும் தொண்டைக் கரகரப்பையும் உண்டாக்கிய புகைமூட்டம் திடீரென்று சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் எதிரிகளின் வாயுத் தாக்குதலோ என்றுகூட மக்கள் அஞ்சினர். செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் செய்யும் ஆலை ஒன்றின்மேல் பழி விழுந்தது. அது நிறுத்தப்பட்ட பிறகும் மூட்டம் வந்துகொண்டேயிருந்தது. லண்டனைப் போல நிலக்கரிப் புகையும் கந்தக டை ஆக்சைடும்தான் காரணம் என்று பலர் நம்பினர். ஆனால் 1952 டிசம்பரில் லண்டனை மூடிய கொடும்புகை குளிரிலும் ஈரத்திலும் தேங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மூட்டமோ பளிச்சென்ற வெயில் நாள்களில் முற்றியது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களைப் பிரித்துக்கொண்டிருந்த டச்சு வேதியியலர் ஏரி ஹாகன்-ஸ்மித், அதே முறையை நகரக் காற்றின்மேல் திருப்பினார். 1950-களின் தொடக்கத்தில், பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஒளியில் வைத்தால் ஓசோன் உண்டாகிறது, அது செடிகளின் இலையைத் தாக்குகிறது, ரப்பரில் வெடிப்பு விழச் செய்கிறது என்பதை அவர் காட்டினார். காரில் நாள்தோறும் செல்லும் பொதுமக்களும் இதில் பங்காளிகள் என்று பொருள்படும் முடிவு அது. அதை ஏற்க மறுத்தவர்கள் பலர். பின்னாளில், 1968-இல், கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1975 முதல் அமெரிக்கக் கார்களில், புகையிலுள்ள மாசுகளைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டதற்கு இந்த வேதியியலே அடிப்படை.

அக்காலத்தில் ஓசோனை அளக்க வளைத்துக் கட்டிய ரப்பர்ப் பட்டையையே பயன்படுத்தினார்கள். அதில் முதல் வெடிப்பு தெரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே அளவு. நான் வகுப்பில் இதை எளிமையாகச் செய்துகாட்டியிருக்கிறேன். சாதாரண ரப்பர் வளையங்கள் நான்கை மரக்கட்டையில் இழுத்து மாட்டி, இரண்டை வெளித் தாழ்வாரத்தில் வெயில் படாத நிழலிலும், இரண்டை மூடிய கண்ணாடிப் புட்டியிலும் வைப்போம். சில வாரங்கள் கழித்து உருப்பெருக்கி வழியே பார்த்தால், வெளியே இருந்தவற்றில் இழுவிசைக்குக் குறுக்காக, கத்திநுனியால் கீறியதுபோல வரிவரியாக வெடிப்புகள் தெரியும். புட்டிக்குள் இருந்தவை வழவழப்பாகவே இருக்கும். ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டுகிறது என்று கரும்பலகையில் எழுதும்போது புரியாதது, அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்த விரலுக்குப் புரிந்துவிடும். நம் நுரையீரல் ரப்பர் அன்று; ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய திரவத்திலும் செல்களின் சவ்விலும் அதே வகை இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன.

அந்தத் தாக்குதலைப் பற்றி இரண்டொரு செய்திகள் மட்டும். ஓசோன் நீரில் அதிகம் கரைவதில்லை. ஆகவே மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் ஆழம் வரை போகிறது. இருமல், ஆழமாக மூச்செடுத்தால் மார்பில் வலி, மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அடிக்கடி மூச்சிறைப்பு ஆகியவை இதன் விளைவுகள். ஓய்வாக இருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்றால், கடுமையாக ஓடுகிறவர் 60 லிட்டருக்கும் மேல் இழுக்கிறார். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தடகள அணிக்குப் பிற்பகல் 3 மணிக்குப் பயிற்சி. கோடையில் சில நாள்கள், திடமான பிள்ளைகள்கூட ஓடி முடித்துக் குனிந்து நின்று, மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை, இழுத்தால் நெஞ்சுக்குள் எரிகிறது என்பார்கள். தண்ணீர் குடிக்கவில்லை என்று நாங்கள் அவர்களையே கடிந்துகொண்டோம். வானம் தெளிவாக இருந்தது, புகை எதுவும் தெரியவில்லை. இதே பாடத்தை வகுப்பறையில் நடத்திவிட்டுத் திடலுக்கு வந்த எனக்கே அப்போது இது தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

இப்போது நேரத்துக்கும் இடத்துக்கும் வருகிறேன். காலையில் போக்குவரத்து நெரிசலின்போது நைட்ரிக் ஆக்சைடும் கரிம ஆவிகளும் காற்றில் சேர்கின்றன. வெயில் ஏற ஏற வினை முடுக்கம் பெற்று, பிற்பகலில் ஓசோன் உச்சத்தைத் தொடுகிறது. பொழுது சாய்ந்தபின் ஒளி இல்லை, உற்பத்தி இல்லை. தெருவில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு மிச்சமுள்ள ஓசோனைத் தின்றுவிடுகிறது. காற்றசைவு குன்றி, மேலே வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துவிட்டால் எல்லாம் அதற்குக் கீழேயே அடைபடுகிறது. இடத்தைப் பொறுத்தவரை இன்னொரு விந்தை உண்டு. வண்டிகள் நெருக்கியடிக்கும் முதன்மைச் சாலையோரத்தில் ஓசோன் குறைவாகவும், காற்று வீசும் திசையில் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள புறநகரிலும் வயல்வெளியிலும் அதிகமாகவும் இருப்பது வழக்கம். சாலையோரத்தில் நைட்ரிக் ஆக்சைடு அதை அவ்வப்போது அழிக்கிறது. தள்ளிப்போகப் போக அழிப்பவை குறைந்து, ஆக்குபவை வேலையைத் தொடர்கின்றன. பெராக்சி அசிட்டைல் நைட்ரேட் என்ற சேர்மம் நைட்ரஜன் டை ஆக்சைடைத் தன்னுள் பூட்டிக் குளிர்ந்த உயரங்களில் நெடுந்தொலைவு கொண்டுசென்று, வெப்பமான காற்றில் இறங்கியதும் அவிழ்த்துவிடுகிறது. புகைக்கே தொடர்பில்லாத உழவர் ஒருவரின் கோதுமையும் சோயாவும் விளைச்சல் குன்றுவது இப்படித்தான். பகலில் திறந்திருக்கும் இலைத்துளை வழியே ஓசோன் நுழைந்து ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கிறது. ஓசோனைக் கண்டறியவே வளர்க்கப்படும் ஒரு புகையிலை வகை உண்டு; நல்ல வெயில் நாளுக்குப் பின் அதன் இலையில் ஊசிமுனை அளவிலான வெளிறிய புள்ளிகள் தெளித்தாற்போல் தோன்றும். ஆகவே, ஒரே ஒரு அளவை நிலையத்தை நகர நடுச்சாலையில் வைத்துவிட்டு, ஓசோன் குறைவு என்று செய்தி எழுதினால் அது பாதி உண்மைதான்.

எல்லாவற்றிலும் கடினமான இடம், மாசைக் குறைத்தால் ஓசோனும் குறையும் என்று நேர்கோட்டில் சொல்ல முடியாமை. நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகுந்து கிடக்கும் நகர நடுவில், நைட்ரஜன் டை ஆக்சைடே ஹைட்ராக்சில் தனியுறுப்பைப் பிடித்து நைட்ரிக் அமிலமாக்கிவிடுகிறது. அதாவது மிகை மாசு, வினையின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டும் ஓரளவு குறைத்தால் கடிவாளம் தளர்ந்து ஓசோன் ஏறும். டீசல் லாரிகள் குறைவாக ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓசோன் கூடுவதைப் பல ஆண்டுகளாகவே கவனித்திருக்கிறார்கள். 2020-இல் கொரோனா பொது முடக்கத்தின்போது ரோம், டூரின், வூஹான் முதலிய நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு வெகுவாகக் குறைந்தும் ஓசோன் உயர்ந்தது. சீனத்தில் 2013-க்குப் பின் நுண்துகள் மாசு பெரிதும் குறைக்கப்பட்ட ஆண்டுகளில் கோடைகால ஓசோன் ஏறியது. துகள்களின் பரப்பு தனியுறுப்புகளை உறிஞ்சிக்கொண்டிருந்தது, துகள் குறைந்ததும் அவை விடுபட்டன என்பது அதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. மாறாக, நகருக்கு வெளியே, கரிம ஆவிகள் போதிய அளவும் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவாகவும் உள்ள இடங்களில், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கக் குறைக்க ஓசோனும் குறையும். அதே 2020-இல், நகர நடுவில் ஏறிய ஓசோன், வட அரைக்கோளத்தின் அடிவளி மண்டலத்தில் தரைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில், வசந்த காலத்திலும் கோடையிலும் சுமார் 7 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்தச் செய்திகளை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, வண்டிகளைக் குறைத்தால் ஓசோன் கூடுகிறது, ஆகவே குறைக்க வேண்டாம் என்று வாதிடுபவர்களையும் நான் கேட்டிருக்கிறேன். அது நேர்மையான வாதமன்று. நைட்ரஜன் டை ஆக்சைடும் தன்னளவில் நஞ்சு. அதைக் குறைக்காமல் காற்று சீராகாது. வேதியியல் சொல்வது ஒன்றுதான்: இரு மூலப்பொருள்களையும் சேர்த்து, போதிய அளவு குறைக்க வேண்டும், நகர நடுவில் கரிம ஆவிகளைக் குறைப்பது உடனடிப் பயன் தரும், மீத்தேனைக் குறைத்தால் எல்லா இடத்திலும் அடித்தள அளவு தாழும். லாஸ் ஏஞ்சல்ஸ் இரண்டையும் பல பத்தாண்டுகள் விடாமல் குறைத்தது. 1950-களில் அங்கே காற்றின் நூறு கோடிப் பங்கில் 600 பங்கையும் தாண்டிய ஓசோன் உச்சம், பின்னர் அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது, அதுவும் வண்டிகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகிய காலத்தில்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழ் காற்றுத் தர எண்ணை நாள்தோறும் வெளியிடுவது நல்ல பணி. ஆனால் ஒரு நாள் முழுவதற்குமான ஒற்றை எண்ணில் பிற்பகல் ஓசோன் உச்சம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. கோடை மாதங்களிலாவது ஓசோனைத் தனியாக, உச்ச அளவையும் அது பதிவான மணியையும் சேர்த்து அச்சிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராம். காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் ஏறக்குறைய 50 மூலக்கூறுகள் என்று சொன்னால் அது எவ்வளவு சிறிய அளவு என்பது விளங்கும். அந்த எண்ணையும் அருகிலேயே கொடுத்தால் வாசகர்கள் ஒப்பிட்டுக்கொள்வார்கள். முகக்கவசம் பற்றிய குறிப்பிலும் ஒரு திருத்தம் தேவை. துகளைத் தடுக்கும் துணிக் கவசமும் என்-95 கவசமும் வாயுவான ஓசோனைத் தடுப்பதில்லை. சன்னல்களை மூடிய அறைக்குள் அது சுவரிலும் துணியிலும் பட்டு அழிவதால் வெளியைவிடக் குறைவாக இருக்கும். பிற்பகல் உச்சத்தின்போது நோயாளிக்குச் செய்யக்கூடிய எளிய உதவி அதுவே. ஓசோனை உமிழ்ந்து அறையைத் தூய்மையாக்குவதாகச் சொல்லும் ஒரு கருவிக்கான விளம்பரத்தைத் தங்கள் பக்கங்களிலேயே கண்டு வருந்தினேன். வீட்டுக்குள்ளேயே காசு கொடுத்து இந்த வாயுவை உண்டாக்கிக்கொள்ளச் சொல்வது அது.

கடைசியாக, நடைப்பயிற்சி ஆலோசனை. காற்று தேங்கிப் புகை படியும் குளிர்ந்த மாதங்களில் தங்கள் கட்டுரை சொன்னது சரி. அப்போது காலைக் காற்றில் துகள்கள் மிகுதி, வெயில் தளர்ந்திருப்பதால் ஓசோன் குறைவு. வெயில் கொளுத்தும் மாதங்களில் அது தலைகீழ். அப்போது மூச்சுத் தொல்லை உள்ளவர்களும், குழந்தைகளும், ஓட்டப் பயிற்சி செய்பவர்களும் விடிந்த கையோடு, வண்டிகள் பெருகுவதற்கு முன், முதன்மைச் சாலையைத் தவிர்த்து நடப்பதே நல்லது. நண்பகலுக்குப் பிறகு மாலை வெயில் இறங்கும் வரை கடும் உழைப்பைத் தள்ளிவைக்க வேண்டும். மாதத்தையும் மணியையும் குறிப்பிட்டு இந்தத் திருத்தத்தை, முன்பு அந்த ஆலோசனை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதைக் கத்தரித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியர்கள் சிலரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்